கலைக்கப்பட்ட தேதி

படிவத்தில் பதினொரு கட்டங்கள்.
அமைப்பின் பெயர். தொடங்கிய ஆண்டு. கலைக்கப்பட்ட தேதி.
ஆவணங்கள் எத்தனை, யாரிடம், என்ன நிலையில்.
ஈரம் என்றால் ஈ. கரையான் என்றால் க.
இரண்டும் சேர்ந்த இடங்களில் ஈக என்று எழுதி அனுப்பினேன்.
தலைமையகத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

செம்பனைக் குலைகள் ஏற்றிய லாரிகள்
புழுதியை நம் தேநீரில் போட்டுவிட்டுப் போகும்
இந்த ஒற்றைத் தெருப் பட்டணத்தில்
மூன்று நாளாய்ச் சங்கங்களைத் தேடுகிறேன்.

மதுவிலக்குக் குழுவின் கணக்குப் புத்தகம்
பழைய கள்ளுக்கடைப் பரணில் கிடைத்தது.
நாடக மன்றப் பதிவேட்டில் பாதி,
ராஜா வேடத்துக்கு வாங்கிய கடன்;
மீதி, ராஜா வாங்கிய கடன்.
பந்து விளையாட்டுக் குழுவுக்குக் கோப்பை உண்டு, காகிதம் இல்லை.
கோப்பைக்குள் இரண்டு பல்லி முட்டைகள்.

வாசகசாலை அலமாரியின் சாவி
கிள்ளானுக்குக் குடிபோன மகளிடம்.
போனில் கேட்டேன்.
"அதுல ஒண்ணுமில்லைங்க,
அப்பா கையெழுத்துதான் இருக்கும்" என்றாள்.
சாவி கூரியரில் வந்தது,
ஒரு குழந்தையின் காலுறைக்குள்.

நான்காம் நாள்
மரண சகாய நிதிச் சங்கம், பதிவு 1954.
மரியசூசையின் டயர் கடையில் விசாரிக்கச் சொன்னார்கள்.
கிரீஸ் கையை மண்ணெண்ணெயில் கழுவி
சட்டையில் துடைத்து
மறுபடி கழுவி
சதுர பிஸ்கட் டின்னைத் திறந்தார்.
உள்ளே, லாரி டியூபை வெட்டிச் சுற்றிய பொட்டலம்.
அதற்குள் மூன்று பேரேடுகள்.
ஈயும் இல்லை, கவும் இல்லை.
பால்மரம் வெட்டியவர்களின் பெயர்களில்
ரப்பர் வாசம்.

பெருவிரல் ரேகைகள், வரிசை வரிசையாய்.
எழுதத் தெரிந்தவர்களின் கையெழுத்தைவிட
அவை கருமையாய் இருந்தன.
'பெட்டிக்கு 38 வெள்ளி. மாலைக்கு 4. மேளம் வேண்டாமென்று மகன் சொன்னதால் மிச்சம் 15.'
'பிரட்டுக்குப் போகாமல் அடக்கத்துக்கு வந்த ஒன்பது பேருக்கு
அரைநாள் கூலி சங்கமே தரும்.'
ஒவ்வொரு தீர்மானத்தின் கடைசியிலும்
ஏகமனதாக, ஏகமனதாக, ஏகமனதாக.

1961, ஆகஸ்டு:
'பெண்களுக்கும் அதே சந்தா. கூட்டத்திற்கு வரத் தேவையில்லை.'
அங்கே அந்தச் சொல் அடிக்கப்பட்டிருந்தது.
ஓரத்தில் வேறு மையில், அவசரமாய்:
'காத்தாயி எழுந்து நின்றார்.'
அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று இல்லை.
அடுத்த மாதம்
வந்திருந்தோர் பட்டியலில் ஏழு காத்தாயிகள் போல
ஏழு புதிய ரேகைகள்,
சிறியவை.

"கலைக்கப்பட்ட தேதி?" என்றேன் பேனாவைத் திறந்து.

மரியசூசை என்னைப் பார்த்தார்,
பஞ்சரான டயரோடு வந்து
காற்று மட்டும் அடிக்கச் சொல்பவனைப் பார்ப்பதுபோல்.
"யாரு கலைச்சா?"

கல்லாவிலிருந்து இரண்டு வெள்ளி எடுத்தார்.
மூன்றாம் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில்
இன்றைய தேதியைப் போட்டார்.
அவரும், பேருந்து நிலையத்தில் நாசி லெமாக் விற்கும் பாக்கியவதியும்.
இரண்டு உறுப்பினர்கள்.
ஆண்டுக் கூட்டம் தைப்பூசத்துக்கு மறுவாரம், அவள் கடை பெஞ்சில்.
செயலாளர் இவர். பொருளாளர் அவள்.
"யாரு முந்திப் போறாங்களோ
அவங்களுக்கு மத்தவங்க செய்யணும்."
கடைசியில் நிற்பவருக்கு?
"அதுக்கு இன்னும் தீர்மானம் போடலை.
அந்தம்மா ஒத்துக்க மாட்டேங்குது."

பேரேட்டைத் தர முடியாது என்றார். நடப்பிலிருக்கிறதே.
படம் எடுத்துக்கொள்ளலாம்.
காற்றாடி பக்கத்தைத் தூக்காதபடி
ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்தார்,
இருநூற்றுப் பதினான்கு பக்கங்களுக்கும்.

ராத்திரி விடுதியில் திறந்து பார்த்தால்
எல்லாப் படத்திலும் அவர் பெருவிரல்,
நகக்கண்ணில் கிரீஸோடு.
வெட்டி அனுப்பச் சொல்கிறது விதிமுறை.
நான் வெட்டவில்லை.
மூன்றாம் கட்டத்தை மட்டும்
காலியாக விட்டிருக்கிறேன்.
தவறுதலாக அல்ல என்று
ஓரத்தில் எழுதி.